வரைபடத்தில் இல்லாத நடைபாதை

2009 ஜனவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பார்க் சிட்டி நகரில், ஒரு பெண் தன் கைபேசியில் கூகுள் மேப்ஸ் காட்டிய நடைவழியைப் பின்பற்றிச் சென்றார். அந்த வழி அவரை வண்டிகள் விரைந்து ஓடும் மாநில நெடுஞ்சாலை ஒன்றில் கொண்டுபோய் விட்டது. அங்கே நடைபாதை கிடையாது. சாலையைக் கடக்க முயன்றபோது கார் மோதிப் படுகாயமடைந்தார். கார் ஓட்டியவர் மீதும் கூகுள் மீதும் அவர் வழக்குத் தொடுத்தார். இந்த வழியில் நடைபாதை இல்லாமலிருக்கலாம் என்ற எச்சரிக்கை கணினித் திரையில் வருகிறது, கைபேசியில் வரவில்லை என்பது அவர் தரப்பு வாதம். பொதுமக்களுக்கு வழி சொல்லும் நிறுவனத்துக்கு அப்படி எச்சரிக்கும் தனிக் கடமை இல்லை என்று 2011இல் நீதிமன்றம் கூகுளை விடுவித்தது.

சட்டப்படி அந்த வழக்கு அத்துடன் முடிந்தது. அதிலிருந்து எழும் கேள்வி அப்படியே இருக்கிறது. ஒரு நகரத்தின் ஒவ்வொரு தெருவையும் பெயரோடு அறிந்திருக்கும் வரைபடத்துக்கு, அந்தத் தெருவோரம் மனிதர் நடக்க இடம் இருக்கிறதா என்பது ஏன் தெரியவில்லை? அதைத் தெரியவைக்க என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும்? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கணினி அறிஞர்களும் மாற்றுத்திறனாளிகளும் தன்னார்வ வரைபடக்காரர்களும் இதற்குச் சில உறுதியான விடைகளைக் கண்டிருக்கிறார்கள். அவற்றிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடைபாதை வரைபடம் ‘நல்ல பாதை’, ‘மோசமான பாதை’ என்று முத்திரை குத்தக் கூடாது. அகலம், சரிவு, விளிம்பின் உயரம், தளத்தின் தன்மை ஆகியவற்றை அளந்து பதிய வேண்டும். எந்தப் பாதை தனக்கு ஆகும் என்று முடிவு செய்யும் உரிமை நடப்பவருடையது.

காருக்காகப் பிறந்த வரைபடம்

வழி காணும் கணிதம் நடப்பவரிடமிருந்துதான் தொடங்கியது. ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றாக, ஒரே ஒருமுறை மட்டும் கடந்து கோனிக்ஸ்பர்க் நகரைச் சுற்றி நடந்துவர முடியுமா என்பதே 1736இல் லியோனார்ட் ஆய்லர் ஆராய்ந்த புதிர். நிலத்தைப் புள்ளியாகவும் பாலத்தைக் கோடாகவும் மாற்றிப் பார்த்த அவருடைய முறையே இன்றைய வலைப்பின்னல் கணிதத்துக்கு வேர். டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, அப்படிப்பட்ட வலையில் மிகக் குறுகிய வழியைக் காணும் முறையை 1956இல் உருவாக்கி 1959இல் வெளியிட்டார். இன்று கைபேசியில் வழி கேட்டால் உள்ளே ஓடுவது அந்த முறையும் அதிலிருந்து கிளைத்தவையும்தான்.

இந்தக் கணக்குக்குக் கார் என்றும் கால் என்றும் பேதம் கிடையாது. கொடுத்த கோடுகளில் செலவு குறைந்தவற்றைத் தொடுத்துத் தரும், அவ்வளவுதான். அந்தக் கோடுகளை யார், எதற்காக வரைந்தார்கள் என்பதில்தான் சிக்கல். 1985இல் கலிஃபோர்னியாவின் ஈடாக் நிறுவனம் கொண்டுவந்த வழிகாட்டிக் கருவி காரில் பொருத்துவதற்கானது. அதன் பிறகு நாவ்டெக், டெலி அட்லஸ் போன்ற நிறுவனங்கள் பெருஞ்செலவில் சேர்த்த தரவும் ஓட்டுநருக்கானது: சாலையின் நடுக்கோடு, ஒருவழியா இருவழியா, வேக வரம்பு என்ன, எங்கே திரும்பக் கூடாது. 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓபன் ஸ்ட்ரீட் மேப், யார் வேண்டுமானாலும் திருத்தவும் பயன்படுத்தவும் கூடிய பொது வரைபடம். அதுகூட அமெரிக்காவில் 2007, 2008 ஆண்டுகளில் அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ‘டைகர்’ சாலைத் தரவை மொத்தமாக ஏற்றித்தான் அடித்தளம் போட்டது. அதில் இருந்தவை சாலைக் கோடுகள். நடைபாதைகள் இல்லை.

ஆகவே நடைவழி கேட்டால் பல மென்பொருள்கள் இன்றும் செய்வது இதுதான்: கார்களுக்கான வலையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து விரைவுச்சாலைகளை நீக்கி, ஒருவழிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, மணிக்கு 5 கி.மீ. வேகம் வைத்துக் கணக்குப் போடுவது. அந்தக் கணக்கில் நடப்பவர் மெதுவாக ஓடும் ஒரு கார். அவர் சாலையின் எந்தப் பக்கம் நடக்கிறார், எங்கே கடக்கிறார், கடக்குமிடத்தில் ஏற வேண்டிய படி எவ்வளவு உயரம் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை.

ஒரு கோடா, மூன்று கோடுகளா?

ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் நடைபாதையைப் பதிய இரண்டு முறைகள் உண்டு. எது சரி என்பது அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக நடக்கும் விவாதம்.

முதல் முறையில் சாலை ஒரே கோடாகவே இருக்கும். அந்தக் கோட்டின் மேல் ஒரு குறிச்சொல் சேரும்: நடைபாதை இருபுறமும் உண்டு, இடப்புறம் மட்டும், வலப்புறம் மட்டும், இல்லை. இடம், வலம் என்பது அந்தக் கோடு வரையப்பட்ட திசையைப் பொறுத்தது. இந்த வேலை விரைவாக முடியும். ஒரு தெருவைப் பார்த்ததும் சில நொடிகளில் பதிந்துவிடலாம். வரைபடமும் நெரிசலாகாது. ஆனால் நடைபாதையின் நடுவே இருக்கும் மின்பெட்டியையோ, மூலையில் உள்ள சாய்தளத்தையோ இந்த முறையில் சரியான இடத்தில் காட்ட முடியாது.

இரண்டாம் முறையில் சாலைக்கு இருபுறமும் நடைபாதைகள் தனித்தனிக் கோடுகளாகும். கடக்கும் இடங்களும் கோடுகளாக வரையப்படும். ஒவ்வொரு கோட்டுக்கும் தனி அகலம், தனித் தளம், தனிச் சரிவு கொடுக்கலாம். உழைப்பு பல மடங்கு. அதோடு அரைகுறையாக வரைந்தால் ஒன்றும் வரையாமல் விட்டதைவிடக் கெடுதல் அதிகம். நடைபாதைக் கோடுகளை வரைந்துவிட்டுக் கடக்குமிடங்களை விட்டுவிட்டால், மென்பொருளுக்கு அந்தச் சாலை கடக்க முடியாத ஆறாகிவிடும். எதிரே தெரியும் மருந்துக்கடைக்கு அரைக் கிலோமீட்டர் சுற்றிவரச் சொல்லும். நடைபாதை தனியாக வரையப்பட்டிருக்கிறது என்று சாலைக் கோட்டில் குறிக்காவிட்டால், மென்பொருள் மறுபடியும் நடுச்சாலையிலேயே நடக்க வைக்கும். நடைபாதைக் கோட்டுக்குப் பெயர் இல்லாததால் எந்தச் சாலை என்று சொல்லாமல் ‘நடைபாதையில் வலப்புறம் திரும்பவும்’ என்று மொட்டையாக ஒலிப்பதும் உண்டு.

இங்கே நுட்பமான இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கோடு போட்ட இடத்தில் மட்டும்தான் மக்கள் கடக்கிறார்களா? அமெரிக்காவில் சியாட்டல் நகரம் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் சட்டப்படி, வெள்ளைக்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு சாலைச் சந்திப்பும் பாதசாரி கடக்கும் இடமே. கோடில்லாத இத்தகைய இடங்களைக் குறிக்க ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் தனிக் குறிச்சொல் இருக்கிறது. தரையில் பெயின்ட் இல்லை என்பதற்காக வரைபடத்திலும் இணைப்பை விட்டுவிட்டால், சட்டம் கொடுத்த வழியை வரைபடம் பறித்துக்கொள்கிறது.

சிறிய குடியிருப்புத் தெருக்களுக்குக் குறிச்சொல் போதும். பெரிய சாலைகளுக்கும் பேருந்து நிலையம், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றைச் சுற்றிய பகுதிகளுக்கும் தனிக் கோடுகள் வேண்டும். உழைப்பையும் பயனையும் சேர்த்துப் பார்த்தால் இதுவே நியாயமான சமரசம் என்று நினைக்கிறேன். எந்த முறையானாலும் ஒன்றை மறக்கக் கூடாது. குறிச்சொல்லே இல்லாத தெரு வேறு, ‘நடைபாதை இல்லை’ என்று குறிக்கப்பட்ட தெரு வேறு. முன்னது நமக்குத் தெரியாது என்கிறது. பின்னது ஒருவர் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னது. பார்க் சிட்டி வரைபடத்தில் இல்லாமல் போனது இந்த இரண்டாவது வகைத் தகவல்தான்.

ஒரு சந்திப்பின் கணக்கு

நான்கு தெருக்கள் கூடும் சாதாரணச் சந்திப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கார் வரைபடத்தில் அது ஒரு புள்ளி, அதிலிருந்து பிரியும் நான்கு கோடுகள். வேலை முடிந்தது.

நடப்பவருக்கு அதே சந்திப்பை வரைந்து பார்ப்போம். ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பக்கம் என்பதால் நடைபாதைக் கோடுகள் 8. அவை இரண்டிரண்டாகக் கூடும் மூலைகள் 4. கடக்கும் இடங்கள் 4. ஒவ்வொரு கடப்பின் இரு முனைகளிலும் நடைபாதை முடிந்து சாலை தொடங்கும் விளிம்பு இருக்கிறது. ஆக 8 விளிம்புப் புள்ளிகள். மூலையிலிருந்து ஒவ்வொரு விளிம்புக்கும் போகும் சிறு இணைப்புகள் 8. மொத்தம் 12 புள்ளிகள், 20 கோடுகள்.

இந்தப் பன்னிரண்டில் நகரத்தை இரண்டாகப் பிரிப்பவை விளிம்புப் புள்ளிகள் எட்டும். ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இங்கே விளிம்புக்கல் உயர்ந்து நிற்கிறதா, தாழ்த்தப்பட்டிருக்கிறதா, சாலையோடு சமமாக இருக்கிறதா? ஒரு பக்கம் சாய்தளம் அமைத்து எதிர்ப்பக்கம் 15 செ.மீ. கல்லை அப்படியே விட்டிருந்தால், சக்கர நாற்காலியில் வருபவர் சாலையில் இறங்கிவிடலாம், ஏற முடியாது. வண்டிகள் வரும் சாலையில் திரும்பிச் செல்ல வேண்டியதுதான். எட்டில் ஒரு புள்ளி தவறாகப் பதியப்பட்டிருந்தால் வரைபடம் அவரை அந்த நிலைக்குத்தான் அனுப்பும். கார் வரைபடத்தின் ஒற்றைப் புள்ளி இவ்வளவையும் விழுங்கிவிட்டது.

சியாட்டலின் மேடுகளில்

இந்த வேலையை முறையாக எடுத்துச் செய்த நகரங்களில் சியாட்டல் முன்னோடி. மேடும் பள்ளமுமான ஊர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தெருக்களில் நடைபாதை இல்லை. 85ஆம் தெருவுக்கு வடக்கே உள்ள பகுதிகள் 1954இல் நகரோடு இணைக்கப்பட்டவை. அங்கே பல தெருக்களில் இன்னும் நடைபாதை வரவில்லை.

இயந்திரக் கற்றல் அறிஞர் பென் டாஸ்கரின் நினைவாக வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அமைந்த டாஸ்கர் மையம், மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில்நுட்பத்தில் ஈடுபட்டுள்ளது. அனத் காஸ்பி அதன் தலைவர். 2015இல் மாநகராட்சி நடத்திய ஒரு மென்பொருள் போட்டியிலிருந்து அங்கே ‘ஆக்சஸ்மேப்’ வளர்ந்தது. மாநகராட்சியிடம் நடைபாதைத் தரவு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது பராமரிப்புக் கணக்குக்காக எடுக்கப்பட்டது. எவ்வளவு நீள நடைபாதை நம் பொறுப்பில் இருக்கிறது என்று சொல்லும், மூலைகளில் கோடுகள் ஒன்றையொன்று தொடாது. பார்வைக்கு முழுமையாகத் தெரியும் அந்த வரைபடத்தில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக வழி இல்லை. அறுந்த முனைகளைக் கூட்டி வலையாக்குவதே முதல் பெரிய வேலையாக இருந்தது. அதன் மேல் நில உயரத் தரவைச் சேர்த்து ஒவ்வொரு துண்டின் சரிவையும் கணக்கிட்டார்கள்.

ஆக்சஸ்மேப் தன் பயனரிடம் கேட்பவை: ஏற்றம் எத்தனை சதவீதம் வரை உங்களால் ஏற முடியும்? இறக்கம் எத்தனை சதவீதம் வரை? உயர்ந்த விளிம்புக்கல்லைத் தவிர்க்க வேண்டுமா? அந்த விடைகளுக்கேற்ப வழி மாறும்.

இதன் பொருளை ஒரு கணக்கில் பார்க்கலாம். 36 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடத்துக்கு இரண்டு வழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று நேர் வழி: 400 மீட்டர், 9 சதவீதச் சரிவு. மற்றது சுற்று வழி: 900 மீட்டர், 4 சதவீதச் சரிவு. சரிவுக்கும் நடைவேகத்துக்கும் உள்ள உறவுக்கு புவியியலாளர் வால்டோ டோப்லர் 1993இல் ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி சமதளத்தில் நடைவேகம் மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ., 9 சதவீத ஏற்றத்தில் 3.7 கி.மீ., 4 சதவீத ஏற்றத்தில் 4.4 கி.மீ. கால் வலுவுள்ளவருக்கு நேர் வழி ஆறரை நிமிடம், சுற்று வழி பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். அவருக்கு நேர் வழியே சிறந்தது. அமெரிக்க விதிகளில் சாய்தளத்தின் சரிவுக்கு உச்ச வரம்பு 12க்கு 1, அதாவது 8.33 சதவீதம். கையால் உருட்டும் சக்கர நாற்காலியில் வருபவருக்கு 400 மீட்டர் தூரம் 9 சதவீதம் என்பது நீண்ட வழியல்ல, வழியே அல்ல. இரண்டு வழிகளின் அளவும் எல்லோருக்கும் ஒன்றுதான். எது சிறந்தது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

தீர்ப்பு வேண்டாம், அளவு வேண்டும்

விளிம்புக்கல்லை மறுபடி பார்ப்போம். சாலையோடு சமமாக இறங்கும் விளிம்பு, சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் நல்லது. கைத்தடியோடு நடக்கும் பார்வையற்றவருக்கு அதே விளிம்பு ஆபத்தானது. நடைபாதை எங்கே முடிந்து சாலை எங்கே தொடங்குகிறது என்று கைத்தடிக்குச் சொல்வது அந்த உயர வேறுபாடுதான். இந்த முரண்பாட்டைத் தீர்க்க உதவுபவை காலுக்கும் தடிக்கும் தெரியும்படி புடைத்த தளவோடுகள். ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கிய இந்த ஓடுகள் முதன்முதலில் 1967 மார்ச்சில் ஒகயாமா நகரில் பதிக்கப்பட்டன. ஆகவே ‘இந்தச் சந்திப்பு அணுகத்தக்கது’ என்று வரைபடம் ஒற்றை வரியில் சொன்னால், யாருக்கு என்ற கேள்வி நிற்கும். ‘விளிம்பு சமம், புடைத்த ஓடு இல்லை’ என்று பதிந்தால் இருவரும் தத்தம் முடிவை எடுத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் போடும் முயற்சிகள் எங்கே போய் நிற்கின்றன என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். 2007இல் சியாட்டலிலேயே தொடங்கிய ‘வாக் ஸ்கோர்’, ஓர் இடம் நடக்க ஏற்றதா என்று 100க்கு மதிப்பெண் தருகிறது. கடைகளும் பள்ளிகளும் பூங்காக்களும் எவ்வளவு அருகில் உள்ளன என்பதே அதன் அடிப்படை. பயனுள்ள கணக்குதான். ஆனால் அந்தக் கடைக்குப் போக நடைபாதை இருக்கிறதா என்பதை அது அளப்பதில்லை. 2014இல் நியூயார்க்கில் வெளியான ‘ஸ்கெட்ச் ஃபாக்டர்’ செயலியோ, எந்தத் தெரு பயமாக இருக்கிறது என்று பயனர்களையே மதிப்பிடச் சொன்னது. கறுப்பின மக்களும் ஏழைகளும் வாழும் பகுதிகளைக் களங்கப்படுத்தும் கருவி என்ற கண்டனம் உடனே எழுந்தது. மனத்தில் இருக்கும் அச்சம் வரைபடத்தில் ஏறினால் ஒரு பகுதி மக்களுக்கு அது தண்டனையாகும். தெருவிளக்கு இருக்கிறதா, நடைபாதை எத்தனை மீட்டர் அகலம் என்று எழுதினால் அது மாநகராட்சிக்குக் கேள்வியாகும்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவான ‘ஓபன் ரூட் சர்வீஸ்’ இந்த நெறியில் நடக்கிறது. சக்கர நாற்காலிக்கு வழி கேட்கும்போது உச்சச் சரிவு, விளிம்பின் உச்ச உயரம், குறைந்தபட்ச அகலம், தளத்தின் வகை ஆகியவற்றைப் பயனரே கொடுக்கலாம். அடியில் இருப்பது ஓபன் ஸ்ட்ரீட் மேப்பின் தரவு. அங்கே அளவு பதியப்படாத தெருவில் எந்தக் கணக்கும் பயன் தராது.

அளப்பது யார்?

ஒரு நகரத்தின் நடைபாதைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும். ஆள் விட்டு அளப்பது செலவு. மூன்று வழிகள் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

முதலாவது, வீட்டிலிருந்தபடி தெருப்படங்களைப் பார்த்துக் குறிப்பது. பேராசிரியர் ஜான் ஃப்ரோலிக்கின் குழு நடத்தும் ‘புராஜெக்ட் சைட்வாக்’ இந்த வகை. வாஷிங்டன் டி.சி.யில் 18 மாதம் நடந்த முயற்சியில் 797 பேர் இணையம் வழியாக 2,941 மைல் தெருக்களைப் பார்த்து, 2,05,385 குறிப்புகளைச் சேர்த்ததாக 2019இல் வெளியான அவர்களது ஆய்வு சொல்கிறது. சாய்தளம், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத சாய்தளம், இடையூறு, தளப் பழுது என்று வகை பிரித்துக் குறித்தார்கள். படம் எடுக்கும் கார் சாலையில் ஓடுவதால், ஓரமாக நிறுத்திய வண்டிகள் நடைபாதையை மறைத்துவிடும். படம் பழையதாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, வானிலிருந்து எடுத்த படங்களிலிருந்து கணினியே நடைபாதையைப் பிரித்தறிவது. 2023இல் வெளியான ‘டைல்டுநெட்’ ஆய்வு பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் டி.சி. போன்ற நகரங்களில் இதைச் செய்துகாட்டியது. ஒரு நகரத்துக்கே விரைவாக முதல் வரைவு கிடைக்கும். மரநிழல் விழுந்த இடம் தெரியாது. மேலிருந்து பார்ப்பதால் விளிம்புக்கல்லின் உயரமும் தெரியாது.

மூன்றாவது, நேரில் போய்ப் பார்ப்பது. ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ என்ற ஆண்ட்ராய்டு செயலி, நீங்கள் நிற்கும் இடத்துக்கு ஏற்ற எளிய கேள்விகளைக் கேட்கிறது: இந்தத் தெருவில் நடைபாதை எந்தப் பக்கம்? இந்த விளிம்பு எப்படி? விடையை அது நேரே ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் சேர்க்கிறது. இங்கே மனிதரின் கண் இன்றியமையாதது. திறந்த வானத்தின் கீழ் கைபேசி ஜி.பி.எஸ்.ஸின் வழக்கமான பிழையே 4.9 மீட்டர் என்று அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். தளம் சொல்கிறது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே பிழை இன்னும் கூடும். குறுகிய தெருவில் நீங்கள் இடப்பக்கம் நிற்கிறீர்களா, வலப்பக்கமா என்பதை அது உறுதியாகச் சொல்ல முடியாது.

இம்மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. கணினி வரைவு போடட்டும், வீட்டிலிருப்பவர்கள் பிழை நீக்கட்டும், நேரில் போகிறவர்கள் விளிம்புகளை உறுதி செய்யட்டும்.

சட்டமும் வரைபடமும்

நடைபாதை அமைப்பதும் பராமரிப்பதும் ஊனமுற்ற அமெரிக்கர்களுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பொதுச் சேவைதான் என்று 2002இல் சாக்ரமெண்டோ நகரத்துக்கு எதிரான பார்டன் வழக்கில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் பல நகரங்கள் பொறுப்பேற்க நேர்ந்தது. மாற்றுத்திறனாளிகள் தொடுத்த வழக்கில் 2017இல் சியாட்டல் ஒப்புக்கொண்டது: 18 ஆண்டுகளில் 22,500 சாய்தளங்கள், ஆண்டுக்கு 1,250. இப்படிப்பட்ட வாக்குறுதி நிறைவேறுகிறதா என்று மக்கள் சரிபார்க்க வேண்டுமானால், எந்த மூலையில் சாய்தளம் இருக்கிறது, எதில் இல்லை என்ற பட்டியல் பொதுவில் இருக்க வேண்டும். வழி காட்டும் அதே வரைபடம் கணக்குக் கேட்கவும் உதவும்.

இந்தியாவிலும் சட்டம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கில் வந்த ஆணை அது. நடைபாதைகள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத் தக்கவையாக இருக்க வேண்டும் என்றும் அதில் வலியுறுத்தியது. இந்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022இல் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

சென்னைக்கு என்ன பொருந்தும்?

சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்குமான கொள்கையை 2014இலேயே ஏற்றது. போக்குவரத்துக்கான தன் நிதியில் 60 சதவீதமாவது இவர்களுக்குச் செல்ல வேண்டும் என்பது அக்கொள்கையின் இலக்கு. 2019 நவம்பரில் பாண்டி பஜார் அகன்ற நடைபாதையோடு திறக்கப்பட்டது. அளவுகோலும் இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. எந்தத் தெரு இந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் வரைபடம்தான் வேண்டும்.

சியாட்டல் முறையை அப்படியே எடுத்துவந்தால் போதாது. முதலாவது, நம் ஊரில் நடைபாதையின் சராசரி அகலம் எதையும் சொல்லாது. மழைநீர் வடிகாலின் மேல்மூடியே நடைபாதையாகியிருக்கும் சாலையில், 2 மீட்டர் அகலம் ஐம்பதடி தூரம் சீராக வரும். பிறகு ஒரு மின்பெட்டி, அதற்கும் மதில் சுவருக்கும் நடுவே 60 செ.மீ. இடைவெளி. சக்கர நாற்காலி கடக்க அமெரிக்க விதிகள் பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்ச அகலம் 91 செ.மீ. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தத் தெருவின் நடைபாதை 60 செ.மீ. நடைபாதைதான். ஆகவே பதிய வேண்டியது மிகக் குறுகிய இடத்தின் அகலம்.

இரண்டாவது, நடைபாதை இல்லாத எல்லாத் தெருவும் நடக்கத் தகாதது அல்ல. மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளின் சிறு தெருக்களில் தெருவே நடைபாதை. கோலம் போடுவதும் குழந்தைகள் விளையாடுவதும் அதில்தான். அங்கே தெருவின் அகலத்தையும், வாகனம் கடந்துபோகும் வழியா இல்லையா என்பதையும் குறித்தால் மென்பொருள் புரிந்துகொள்ளும்.

மூன்றாவது, காலையில் காலியாக இருக்கும் நடைபாதை மாலையில் கடைவீதியாகும். தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. பூக்கடையையும் இளநீர் வண்டியையும் ‘இடையூறு’ என்று வரைபடத்தில் ஏற்றினால், அந்தத் தரவு வெளியேற்றத்துக்கான பட்டியலாகத் திரும்பலாம். நிலையாக இருப்பவற்றை மட்டும் பதிவதே ஓபன் ஸ்ட்ரீட் மேப்பின் மரபு. அது இங்கே அறமும்கூட. மின்பெட்டி, விளம்பரத் தூண், உயர்ந்த விளிம்பு, உடைந்த மூடி ஆகியவை அரசு தானே வைத்தவை அல்லது தானே சரிசெய்ய வேண்டியவை. அவற்றிலிருந்து தொடங்குவோம்.

மாநகராட்சிகளுக்கு ஒரு கோரிக்கை. சாலைப் பணி முடியும்போது ஒப்பந்ததாரர் தரும் இறுதி வரைபடங்களில் நடைபாதை அகலமும் சாய்தளங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. கோப்பில் கிடக்கும் அவற்றைக் கணினி படிக்கும் வடிவில் பொதுமக்களுக்கு வெளியிடுங்கள். பில் தொகை வழங்குவதற்கு அதை ஒரு நிபந்தனையாக்கினால் புதிதாக ஒரு ரூபாயும் செலவில்லை.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை உள்ள தெருவை ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் திறந்து பாருங்கள். நடைபாதை பற்றி அதில் ஒன்றும் இல்லாவிட்டால், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் மிகக் குறுகிய இடத்தை அளந்து, சாய்தளம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பதியுங்கள். இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுங்கள். இல்லை என்று எழுதப்பட்ட ஒவ்வொரு மூலையும் யாரோ ஒருவரைத் தவறான வழியில் போகாமல் காக்கும்.